எங்கட குடிக்கு அந்த ஊசி வேணாம்

மருந்தகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, யன்னலுக்கு வெளியே நின்று நோயாளிகள் சொல்லும் வசனங்களில் உங்களுக்கு ஆகக்கூடிய எரிச்சலைத் தரப்போவது எது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். “இந்த மருந்து எனக்கு ஒத்துவராது” என்பதுதான் அது. வெள்ளைக் குளிசை ஒத்துவராது, மஞ்சள்தான் வேண்டும் என்பார் ஒருவர். போன முறை இந்தக் குளிசையைப் போட்ட அன்றுதான் என் மாடு செத்தது என்று ஒரு பெரியவர் என்னோடு வாதாடியிருக்கிறார். பெரும்பாலும் வீண் கதை. உள்ளே திரும்பிச் சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பீர்கள். நானும் நிறையச் சிரித்தவள்தான்.

ஆனால் ஒருநாள் அந்த வசனத்தைக் கேட்டுக் கதிரையை விட்டு எழுந்தேன். அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். அதற்குள்ளே நீங்கள் பாடமாகப் படித்த ஒரு விஷயமும் இருக்கிறது. மடிந்து கிடக்கும் ஆர்.என்.ஏ ஒரு சின்ன மருந்து மூலக்கூற்றை எப்படி அடையாளம் கண்டு பிடித்துக்கொள்கிறது என்ற விஷயம். பரீட்சைக்குப் படித்துவிட்டு மறந்திருப்பீர்கள். ஒரு பிள்ளையின் காது அதில் தொங்கிக்கொண்டு நின்றதைப் பார்த்தவளுக்கு மறக்க ஏலாது.

சண்டை நடந்த காலம். கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் மருந்தாளராக இருந்தேன். கடற்கரைக்கு வந்தால் குடாவுக்கு அப்பால் திருகோணமலைத் துறைமுகம் தெரியும். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் எல்லா மருந்தும் இருந்தது. படகு ஓடினால்தான் அது எங்களுக்கும் இருந்தது. சண்டையால் கடல் மூடிய நாட்களில் எங்கள் அலுமாரியில் கிடப்பதுதான் எங்கள் வைத்தியம். அதனால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. டொக்டர் வார்ட் சுற்றும்போது மருந்தாளரும் கூடவே போவார். டொக்டர் மருந்து எழுதுமுன் என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் “இருக்கு” அல்லது “இல்லை” என்பேன். அதற்குப் பிறகுதான் பேனா ஓடும்.

அப்போதைய டொக்டர் கிண்ணியாப் பக்கத்து முஸ்லிம். இளம் வயது. நித்திரை குறைந்து கண் சிவந்த மனிதர், ஆனால் நோயாளியிடம் குரலை உயர்த்தியதை நான் கண்டதில்லை. அன்று காலை வார்ட்டில் தவமலர் என்றொரு பெண் கிடந்தாள். வெருகல் பக்கத்துப் பிள்ளை. தொடையில் ஷெல் துண்டு பட்டிருந்தது. பாதை மூடிக் கிடந்ததால் உழவு இயந்திரத்தில் ஏற்றி எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கும்போது காயம் சீழ்பிடித்து, கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது. உடம்பு கொதித்தது. இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. கட்டிலின் ஒரு பக்கம் தாய் யோகம்மா. மறுபக்கம் கட்டைபறிச்சானிலிருந்து வந்த இன்னொரு பெண்மணி, கையில் தேநீர்ப் போத்தலோடு நின்றார். அவருடைய மகனுக்குத்தான் தவமலரைப் பேசியிருந்தார்கள். வருங்கால மருமகளைப் பார்க்க அவர் தவறாமல் வந்துபோனார். நல்ல மனுசி என்றுதான் எல்லோரும் சொன்னோம்.

டொக்டர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். “ஊசி மருந்து ஏதும் ஒத்துவராத ஆக்கள் உங்கட வீட்டில இருக்கா?”

யோகம்மா முதலில் எதிரே நின்றவரைப் பார்த்தார். பிறகு டொக்டரைப் பார்த்து, “இல்ல டொக்டர்” என்றார்.

டொக்டர் என் பக்கம் திரும்பினார். இந்தக் கிருமியை அடித்து வீழ்த்தக்கூடியதாக எங்களிடம் இருந்தது ஜென்டாமைசின். “இருக்கு” என்றேன். எழுதினார். நான் கீழே வந்து மருந்தைத் தாதியிடம் கொடுத்தனுப்பினேன். அதற்குப் பிறகுதான் யோகம்மா யன்னலடிக்கு வந்தார்.

“மிஸ், அந்த ஊசி என்ர புள்ளைக்கு ஒத்துவராது. வேற ஏதும் இருந்தாத் தாங்க.”

“டொக்டர் கேக்கேக்க இல்லையெண்டுதானே சொன்னீங்கள்?” எனக்குக் கோபம் வந்தது. “இப்ப என்ன புதுக்கதை?”

அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். ஒருவரும் இல்லை. அந்தத் திரும்பிப் பார்ப்புத்தான் எனக்கு உறைத்தது. கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டு ஒரு கதிரையில் இருத்தினேன். அப்போது சொன்னார்.

“எங்கட குடிப் பொம்பிளையளுக்கு ஊசியால காது போற மிஸ். என்ர அம்மாவுக்குக் கசநோய்க்கு எண்டு கிளினிக்கில ஊசி போட்டவை. நெஞ்சு சுகமாச்சு, காது போயிட்டுது. பிறகு அக்காவுக்கு. பிறகு சின்னம்மாட மகளுக்கு. மூண்டு வீடும் ஒரே வளவுக்குள்ள. ஒராளை ஒராள் கூப்பிட ஏலாது, போய்த் தோளில தட்டித்தான் கூப்பிடோணும்.”

“அதை ஏன் அங்க சொல்லேல்ல?”

“அந்த அம்மா நிண்டவ. குடியில குறையிருக்கெண்டு தெரிஞ்சா ஆர் மிஸ் பொம்பிளை எடுக்கிற?”

நீங்களும் இந்தக் கரையில் வேலை செய்யப்போகிறவர்கள், ஆகவே இதைத் தெரிந்துகொள்ளுங்கள். கிழக்கில் பல ஊர்களில் குடி என்ற வம்சப் பிரிவு தாய்வழியாக வருவது. தகப்பன் எந்தக் குடியானாலும் பிள்ளை தாயின் குடி. கலியாணம் பேசுமுன் குடியைத்தான் விசாரிப்பார்கள். காணியைப் பற்றிக் கேட்பது அதற்குப் பிறகு. ஒரு தாய் இதைச் சபையில் மறைப்பது பொய் சொல்லும் ஆசையினால் அல்ல. மகளின் வாழ்க்கைக்குக் காவல் நிற்கிறேன் என்றுதான் அவர் நினைத்தார்.

ஆனாலும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. காது மந்தம் எந்த ஊரில்தான் இல்லை? “உங்களுக்குச் சகோதரம் ஆம்பிளை இருக்கினமோ?” என்று கேட்டேன்.

“தம்பி ஒராள். அவனுக்கும் இந்த ஊசியாலதான் காது அடைச்சது.”

“அவற்ற பிள்ளையளுக்கு?”

“அதுகளுக்கு ஒண்டுமில்ல. மூத்தவனுக்குக் காலில வெட்டுப்பட்டு இதே ஊசிதான் போட்டவை. நல்லாக் கேக்குது.” நான் ஏன் இதைக் கேட்கிறேன் என்று அவருக்கு வியப்பாக இருந்தது. “அதுகள் வேற குடிதானே மிஸ்?”

அப்போதுதான் எழுந்தேன். தாயின் பிள்ளைகள் எல்லோரிலும் இருக்கிறது. அவர்களில் பெண்கள் பெற்ற பிள்ளைகளுக்குப் போகிறது. ஆண் பெற்ற பிள்ளைகளுக்குப் போகவில்லை. யோகம்மாவைப் போல ஊசி போடாதவர்களுக்கு நன்றாகக் கேட்கிறது. பயத்தில் கட்டிய கதை இவ்வளவு ஒழுங்காக வராது. ஏன் இப்படி என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. ஏதோ உண்மையாக இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

டொக்டரைத் தேடி ஓடினேன். அவர் வெளிநோயாளர் அறையில் இருந்தார். கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார். “தாய்க்கிட்ட நான் கேட்டன்தானே மிஸ்? இல்லெண்டு சொன்னா.”

“மாப்பிள்ளையின்ர தாய் பக்கத்தில நிண்டவ, டொக்டர்.”

அவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அவருடைய ஊரிலும் தாய்வழிதான் குடி. சில குடும்பங்களுக்கு இந்த வகை ஊசி கொஞ்சம் போனாலே காது போய்விடும் என்று படித்த காலத்தில் ஒரு விரிவுரையில் கேட்ட நினைவு இருக்கிறது என்றார். “ஆனா இப்ப அந்தப் புள்ளைட நிலைமை தெரியும்தானே? காது நல்லாக் கேக்கிற மையத்து எனக்கு வேணாம் மிஸ்.” பிணத்தைத்தான் அப்படிச் சொன்னார். சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது.

“குளோரம்பெனிக்கோல் இருக்கு” என்றேன். பழைய மருந்து. சிலரில் இரத்தத்தையே கெடுத்துவிடும் என்ற பயத்தில் டொக்டர்மார் அதை ஒதுக்கி வைத்திருந்தார்கள். இந்தக் கிருமியைப் பிடிக்குமா என்று அவராலும் உறுதி சொல்ல ஏலாது, என்னாலும் ஏலாது. ஜென்டாமைசின் கொடுத்தால் உயிருக்கு நல்ல உறுதி, காது போகலாம். இதைக் கொடுத்தால் காது தப்பும், உயிர் போகலாம். அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வார்ட்டிலிருந்து சத்தம் கேட்டது.

இரண்டு பேரும் ஓடினோம். நான் கொடுத்தனுப்பிய மருந்தைத் தாதி சிரிஞ்சில் ஏற்றிக்கொண்டு கட்டிலடிக்கு வந்திருந்தார். அவர் மீது குற்றமில்லை, எழுதிய மருந்தை நேரத்துக்குக் கொடுக்க வந்தவர். யோகம்மா மகளின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டு கத்தினார்.

“போடாதீங்க! இந்த ஊசியால எங்கட குடிக்குக் காது போற! என்ர அம்மாவுக்குப் போச்சு! அக்காவுக்குப் போச்சு! தம்பிக்குப் போச்சு! என்ர புள்ளைக்குப் போடாதீங்க!”

வார்ட் முழுக்கக் கேட்டது. மாப்பிள்ளையின் தாயும் கேட்டார். தேநீர்ப் போத்தலை மேசையில் மெல்ல வைத்துவிட்டு, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார். யோகம்மா அவர் போவதை நிமிர்ந்து பார்த்தார். கூப்பிடவில்லை. பிள்ளைகளே, வீரம் என்று பலதைப் பற்றி அந்த நாட்களில் பேசினார்கள். நான் கண்ணால் கண்ட வீரம் அந்தக் கட்டிலடியில்தான்.

“அதை வையுங்க” என்று டொக்டர் தாதியிடம் சொன்னார். பிறகு யோகம்மாவின் உயரத்துக்குக் குனிந்தார். “உம்மா, நான் வேற மருந்து போடுறன். அது பத்தாட்டி இதைத்தான் போடுவன். அப்ப நீங்க குறுக்க வரப்படாது. சரியா?”

“ஓம் டொக்டர்.”

குளோரம்பெனிக்கோல் ஏறியது. சீழை இன்னும் வெட்டி வெளியேற்றினார்கள். நகரத்துக்கு அனுப்பக் கேட்டோம். கடல் மூடியபடியே இருந்தது. மத்தியானம் கடந்தபோது இரத்த அழுத்தம் மீண்டும் இறங்கியது. டொக்டர் ஜென்டாமைசின் சிரிஞ்சைக் கையில் எடுத்தார். யோகம்மா சொன்ன சொல் மாறவில்லை, குறுக்கே வரவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்.

“போடுங்க டொக்டர். உயிர்தான் முதல். அதுக்கு முதல் நான் அவளோட கொஞ்சம் கதைக்கட்டா?”

மகள் அரைகுறை நினைவில் கிடந்தாள். அவர் அவள் காதடியில் வாயை வைத்துக் கதைத்தார். பெரிய கதை ஒன்றுமில்லை. ஆடு குட்டி போட்டுவிட்டது, பெரியம்மா முருக்கங்காய் அனுப்பியிருக்கிறா, உன்ர சட்டையைத் தோய்ச்சுப் போட்டிருக்கன் என்ற கதைகள். மகள் கேட்கப்போகும் கடைசிக் குரல் தன்னுடையதாக இருக்கட்டும் என்று ஒரு தாய் அவசரம் அவசரமாக வீட்டுக் கதை சொல்வதை நின்று கேட்டோம். தாதி மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

டொக்டர் சிரிஞ்சோடு நின்றார். திடீரென்று என்னைப் பார்த்து, “சேலைன் எவ்வளவு இருக்கு?” என்றார்.

“ஷெல் விழுந்தா எண்டு ஒதுக்கி வைச்சது இருக்கு.”

“எல்லாத்தையும் கொண்டாங்க.”

நாளைக்கு யாருக்காவது தேவைப்பட்டால் என்ன செய்வது என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அது சரியா பிழையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரத்த அழுத்தத்தை உயர்த்தப் போத்தல்களைக் கையால் அமுக்கி அமுக்கி ஏற்றினோம். யோகம்மா கதைத்துக்கொண்டே இருந்தார். பொழுது சாயும்போது நாடி சீராக அடிக்கத் தொடங்கியது. டொக்டர் சிரிஞ்சைத் தட்டில் வைத்தார். அதற்குப் பிறகு அதை எடுக்கவில்லை. கடல் திறந்ததும் தவமலரை நகரத்துக்கு அனுப்பினோம், அங்கே வேறு வகை மருந்து கிடைத்தது. அவள் நொண்டிக்கொண்டு வீடு திரும்பினாள். காது தப்பியது. கலியாணம் நின்றுபோனது.

பல வருடங்களுக்குப் பிறகு கொழும்பில் எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. விரிவுரையாளர் திரையில் ஒரு படம் காட்டினார். நீங்கள் பாடமாகப் படித்த அதே படம்தான். ஆனாலும் நான் விளங்கிக்கொண்ட விதத்தில் சொல்கிறேன், கேளுங்கள்.

ஆர்.என்.ஏ ஒற்றை இழை. முறுக்கேறிய கயிற்றைத் தளரவிட்டால் அது தன்மேல் தானே சுருண்டு கண்ணி விழும். இந்த இழையும் அப்படி மடிகிறது, ஆனால் கண்டபடி அல்ல. அடினீன், குவனீன் போன்ற எழுத்துகளில் எது எதோடு சோடி சேருமோ அதன்படி. சோடி சேராத இடங்களில் சின்னக் குழிகள் விழும். பக்டீரியாவின் ரைபோசோமில், புரதம் கட்ட வந்த துண்டு சரியானதா என்று பார்க்கும் இடத்தில் அப்படியொரு குழி இருக்கிறது. அங்கே இருக்கும் இரண்டு அடினீன்கள், சரியான துண்டு வந்தால் மட்டும் வெளியே நீண்டு சம்மதம் சொல்லும். ஜென்டாமைசினில் நேரேற்றம், ஆர்.என்.ஏயில் மறையேற்றம், அதனால் மருந்து கிட்டே இழுபடுகிறது. கிட்டே வந்தால் மட்டும் போதாது. குழியின் வடிவமும் எழுத்துகளும் அதற்குப் பொருந்த வேண்டும். பொருந்தினால் உள்ளே போய் இருந்துகொள்ளும், இரண்டு அடினீன்களும் வெளியே தள்ளப்பட்டு அப்படியே நிற்கும். பிழையான துண்டுக்கும் சம்மதம் சொல்லிச் சொல்லிக் கிருமி செத்துப்போகும். எங்கள் கலத்தின் ரைபோசோமில் அந்த இடத்து எழுத்து வேறு. மருந்து சரியாகப் பிடிக்காது. அதனால்தான் நாங்கள் பிழைக்கிறோம்.

ஆனால் கலத்துக்குள்ளே இழைமணிகள், அதாவது மைற்றோகொண்ட்ரியா, இருக்கின்றன, அவற்றுக்கென்று தனி ரைபோசோம். அதிலுள்ள குழி கிருமியின் குழியைப் போலத்தான், ஒரு சோடி மட்டும் சேராமல் தளர்ந்து கிடக்கும். அந்தத் தளர்வுதான் எங்களுக்குக் காவல். சிலரில் அந்த இடத்து அடினீன் ஒன்று குவனீனாக மாறியிருக்கிறது. எதிரே சைற்றோசீன். இரண்டும் சோடி சேர்ந்துவிடும். தளர்ந்த இடம் இறுகும். மருந்து வந்து, கிருமியின் குழி என்றே எடுத்துப் பிடித்துக்கொள்ளும். உட்காதின் மயிர்க்கலங்கள் செத்துப்போகும், செத்தவை திரும்ப முளைக்காது. இழைமணி தாயிடமிருந்து மட்டும்தான் பிள்ளைக்குப் போகிறது.

அந்தக் கடைசி வசனத்தைக் கேட்டதும் நான் வகுப்பிலேயே அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் சுகமில்லையா என்று கேட்டார். அந்தக் குடியின் இரத்தத்தை எந்த ஆய்வுகூடமும் சோதிக்கவில்லை, ஆகவே இது என் ஊகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் “அதுகள் வேற குடிதானே” என்ற அந்தக் குரல் என் காதில் ஒலித்தது.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். எல்லாக் கதையையும் நம்பாதீர்கள். ஆனால் ஒரு தடவையாவது தனியாகக் கூப்பிட்டு, கதவைச் சாத்திக் கேளுங்கள். சம்பந்தம் பேச வந்தவர்களின் முன்னால் குடும்பத்து நோயை விசாரிக்காதீர்கள். அக்காவின் பிள்ளைகளைப் பற்றியும் தம்பியின் பிள்ளைகளைப் பற்றியும் வேறுவேறாகக் கேளுங்கள்.

பாதை திறந்த காலத்தில் வெருகலுக்குப் போனேன். யோகம்மாவின் வளவைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. தவமலர் பிறகு வேறிடத்தில் கலியாணம் முடித்திருந்தாள், ஒரு பெண் குழந்தையும் இருந்தது. குழந்தை முற்றத்தில் விளையாடியது. தவமலர் குசினிக்குள் எங்களுக்குத் தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். நான் யோகம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். இது சாபமில்லை, குடியின் குறையில்லை, உடம்பில் ஓர் எழுத்து மாறியிருக்கலாம், அவ்வளவுதான் என்றேன். ஜென்டாமைசின், உங்கள் அம்மாவுக்குக் கசநோய்க்குப் போட்ட அதே வகை ஊசி, இந்த இரண்டு மருந்தின் பெயரையும் பேத்தி வரைக்கும் பாடமாக்கி வைத்திருங்கள், எந்த டொக்டரிடமும் முதலில் அதைச் சொல்லுங்கள் என்றேன். அவர் ஆறுதல் அடைவார் என்று நினைத்துத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன்.

அவர் இரண்டு பெயரையும் பிழையில்லாமல் திருப்பிச் சொன்னார். பிறகு முற்றத்தில் விளையாடிய பேத்தியைப் பார்த்தார்.

“அப்ப இது என்னிட்ட இருந்துதான் அவளுக்குப் போனதோ மிஸ்?”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. சாபம் என்றால் யார்மீதாவது போட்டுவிடலாம். நான் கொண்டுபோன விளக்கம் நேரே அவர் மடியில் விழுந்தது. பொய் சொல்ல மனம் வந்தது. ஆனால் பேத்தி முற்றத்தில் நின்றாள், பொய் சொன்னால் நாளைக்கு அவளுக்கு ஊசி விழும்.

“ஓம் அம்மா. உங்களிட்ட இருந்துதான்.”

அவர் தலையாட்டினார். கண் கலங்கியிருந்தது. என்னைப் பார்க்காமல், பக்கத்தில் இருக்கும் எனக்கே சரியாகக் கேட்காத அளவுக்குத் தணிந்த குரலில், “மலர்” என்றார்.

“என்னம்மா?” என்று குசினிக்குள்ளிருந்து குரல் வந்தது.

“ஒண்டுமில்ல புள்ள. நீ வேலையப் பாரு.”